வியாழக்கிழமை நாடகக்காரி எசெட்டா

தீவுத் தலைநகர் நுகுவாலோஃபாவில் பாதிப்பேர் எசெட்டாவைத் திட்டினார்கள். மீதிப்பேர் திட்டிக்கொண்டே அவள் நாடகத்தைக் கேட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணியானால் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டு வானொலிப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். சோப்பு வாங்க வந்தவளும் அங்கேயே நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள். வெள்ளிக்கிழமை காலையில் யாராவது ஒருத்தி வானொலி நிலையத்து வாசலில் வந்து நிற்பாள். "எங்க வீட்டுக் கதையை உனக்கு யாரு சொன்னா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

ஒரு தடவை, சாவு வீட்டுக்கு வந்த அத்தை இருப்பதிலேயே பெரிய பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதாக எழுதிவிட்டாள். அத்தைக்கு அந்த உரிமை உண்டு, யாரும் வாய் திறக்க முடியாது. இருந்தும் அந்த வாரம் ஏழு அத்தைகள் சண்டைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி, "பெரிய பாய்னு எழுதியிருக்கியே, நான் எடுத்தது நடுத்தரம்தான். பொய்யை எழுதாத" என்று கத்திவிட்டுப் போனாள். எசெட்டா அதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் அது நாடகத்தில் வந்தது.

நான் அதே நிலையத்தில் மரண அறிவிப்பு வாசிப்பவள். என் பெயர் லோசலினே. யார் போனார், யார் யார் துக்கத்தில் இருக்கிறார்கள், அடக்கம் என்றைக்கு என்று தினம் மூன்று வேளை வாசிப்பேன். என் குரல் கேட்டாலே பெண்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். எசெட்டா நாடகத்தில் தம்பி மனைவி பாத்திரத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அழுது முடிச்ச குரல் உனக்கு. அதுதான் வேணும்" என்றாள். அவள் யாரையும் பாராட்டுவது இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அவளுக்கு உத்தியோகம் தட்டச்சு. செய்தியைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, பழைய செய்தி அடித்த தாள்களின் பின்பக்கத்தில் நாடகம் எழுதுவாள். ஆனால் வசனத்தில் ஆரம்பிக்க மாட்டாள். முதலில் ஒரு செவ்வகம் போடுவாள், அது வீட்டுக்குள் விரித்த பாய். அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் போடுவாள், அவை ஆட்கள். யார் எந்தப் பக்கம் உட்காரலாம், யார் வந்தால் யார் எழுந்து போக வேண்டும் என்று வட்டங்களை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருப்பாள். "ஆளு உக்கார்ந்த இடம் தெரிஞ்சா போதும், பேச்சு தானா வரும்" என்பாள். அந்தக் காகிதத்தை நாங்கள் பாய்ப்படம் என்று கேலி செய்வோம். ஆனால் அது இல்லாமல் ஒலிப்பதிவு அறைக்குள் எங்களை விடமாட்டாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு அடிபட்டு வந்தது. எழுத வந்த முதல் வருடம், அக்காக்காரி ஒருத்தி தம்பியை அவன் காதல் விவகாரத்துக்காக நேருக்கு நேர் வைத்துத் திட்டுவதாக எழுதிவிட்டாள். அக்காவும் தம்பியும் ஒரே அறையில் இருந்து அந்த மாதிரிப் பேச்சைக் காதால்கூடக் கேட்கக் கூடாது. அன்றைக்கு ஊரில் வீட்டுக்கு வீடு அண்ணன் தம்பிமார் எழுந்து வெளியே ஓடினார்கள். சிலர் அவசரத்தில் வானொலியின் கழுத்தையே திருகி அணைத்தார்களாம். மறுநாள் பாதிரியார் வந்தார், நிலைய மேலாளர் மோசேசே வியர்த்துப்போய் நின்றார். அதற்குப் பிறகு எசெட்டாவின் நாடகத்தில் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் சேர்ந்து வந்ததே இல்லை.

குடும்பச் சண்டையை எழுத வேண்டும், ஆனால் சண்டைக்காரர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே கூடாது. வேறு யாராக இருந்தாலும் பேனாவை மூடி வைத்திருப்பார்கள். எசெட்டா வேறு வழி பிடித்தாள். தம்பிக்குக் கோபம் என்றால் அக்கா வீட்டுக்கு அனுப்புகிற கிழங்குக் கூடையில் சின்னக் கிழங்காகப் பார்த்துப் போட்டு அனுப்புவான். கூடையைத் தூக்கி வந்தவள் அதை வைக்கிற சத்தத்திலேயே அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தம்பி மனைவிக்கு வருத்தம் என்றால் தேங்காய் துருவுவாள். அதற்கு ஒலிப்பதிவு அறையில் நிஜமாகவே துருவுபலகை ஒன்று உண்டு. மூன்று வருடமாக வாரா வாரம் நான்தான் அதில் உட்கார்ந்து துருவினேன். வேகமாகத் துருவினால் கோபம், மெதுவாகத் துருவினால் துக்கம், நிறுத்தினால் ஏதோ நடக்கப்போகிறது. நாட்டுக்கே இந்தக் கணக்கு மனப்பாடம்.

இனி அவள் சொந்தக் கதை. எசெட்டாவின் கணவன் சரக்குக் கப்பலில் போனவன், காய்ச்சலில் செத்துப் பெட்டியில் திரும்பி வந்தான். பிள்ளை கிடையாது. துக்க வருடம் முடிந்து கறுப்பு உடையைக் கழற்றிய வாரம், தம்பி ஃபெலெட்டியைப் பார்க்கக் கொலொவாய் கிராமத்துக்குப் பஸ் ஏறினாள். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். கடைக்குட்டி அலிசிக்கு அப்போது இரண்டு வயது. "இவளை எனக்குக் கொடு" என்று கேட்டாள், அவன் சரி என்றான். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே குழந்தையோடு திரும்பிவிட்டாள்.

இதில் ஊருக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அத்தை கேட்டாள், அப்பா கொடுத்தார். வீட்டுக்கு ஒன்று இப்படி வளர்வது வழக்கம்தான். யாரும் எதையும் மறைக்கவும் இல்லை. அலிசி எசெட்டாவை அம்மா என்று கூப்பிடுவாள், பெற்றவளைக் கொலொவாய் அம்மா என்பாள். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அங்கே போய் அண்ணன்மாரோடு கடலில் விழுந்து கறுத்துத் திரும்புவாள். பெற்றவள் கலொலைனே எனக்குச் சித்தி மகள். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் ஒன்பது வருடமாக நானும் வாய் திறக்கவில்லை. எசெட்டா எடுத்து வருகிற பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டு பேசாமல்தான் இருந்தேன்.

எண்பத்தொன்பதாம் வருடம், மழைக்காலம் முடிகிற சமயம். நாடகக் கதை அத்தை தம்பி வீட்டுக்குக் குழந்தை கேட்டு வருகிற இடத்துக்கு வந்தது. கேட்பவர்களே அதற்கு அவசரப்படுத்தினார்கள். அந்த அத்தைக்குப் பிள்ளை இல்லை, தம்பிக்கு ஆறு. கணக்குப் போட யாருக்குத்தான் தெரியாது? செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவுக்கு எசெட்டா பாய்ப்படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். அத்தைக்கு ஒரு வட்டம், அத்தையின் சார்பாகப் பேச வந்த பெரியவருக்கு ஒன்று, ஊர்த் தலைவருக்கு ஒன்று. வாசலுக்கு வெளியே தம்பிக்கு ஒன்று, நடுவில் குழந்தைக்குச் சின்னதாய் ஒன்று. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"எனக்கு வட்டம் எங்க?" என்றேன்.

"உனக்கு வசனம் இல்ல. துருவற சத்தம் மட்டும்தான்."

"வசனம் இல்லன்னா ஆளும் இல்லையா? பெத்தவ எங்க உக்கார்ந்திருக்கா?"

"சமையல் கொட்டகையில இருந்தா" என்றாள்.

இருக்கிறாள் என்று சொல்லவில்லை, இருந்தாள் என்று சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பெரியவர் வேடம் போடுகிற சிஃபா கையில் இருந்த தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"அங்கேருந்து ஒரு வார்த்தை பேசினாளா?" என்று கேட்டேன்.

"பேசல."

"நீ கேட்டியா?"

எசெட்டா சுவர்ப் பக்கம் திரும்பினாள். பாய்ப்படத்தில் செவ்வகத்துக்கு வெளியே, காகிதத்தின் ஓரத்தில், கொட்டகை என்று எழுதக்கூட இல்லை. மூன்று வருடமாக ஆள் உட்காரும் இடத்தை அளந்து அளந்து எழுதியவள், பெற்றவளை வைக்க மறந்துவிட்டாள். நாங்கள் அப்படியே பதிவு செய்தோம். நான் ஒரு மூலையில் தேங்காய் துருவினேன். அத்தை கேட்டாள், தம்பி சரி என்றான், குழந்தை போனது.

வியாழக்கிழமை ஒலிபரப்பானது. மறு வாரம் வந்த கடிதங்களை மோசேசே மேசைமேல் கொட்டினார். வழக்கமாகத் திட்டுவது அத்தைகள்தான், இந்தத் தடவை தாய்மார்கள். ஹஅபாய் தீவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: அந்தப் பொம்பளைக்கு வாய் கிடையாதா, வெறும் தேங்காய்தானா? வவாவு தீவிலிருந்து இன்னொருத்தி, துருவுகிற சத்தம் கேட்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை, அடுத்த வாரம் அவளைப் பேசச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருந்தாள்.

"அக்கா, இந்த வியாழக்கிழமை அதே பகுதியைத் திரும்பப் போட்டுடறேன். அடுத்த வாரம் அந்த அம்மா பேசணும். ரெண்டு நிமிஷமாவது" என்றார் மோசேசே.

எசெட்டா மூன்று தடவை எழுதினாள். மூன்றையும் என்னிடம்தான் காட்டினாள். முதலாவதில் பெற்றவள், ஆண்டவன் சித்தம் என்று சொல்லிப் பாட்டுப் பாடினாள். இரண்டாவதில், என் குழந்தை நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பாள் என்று சந்தோஷப்பட்டாள். மூன்றாவதில் அத்தையின் காலைத் தொட்டு நன்றி சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது எதுவும் அவ பேச்சு இல்ல. உன் மனசு ஆறுறதுக்கு நீ எழுதிக்கிட்டது. இதை நான் பேசமாட்டேன். சாவு அறிவிப்பு வாசிச்சாலும் வாசிப்பேனே தவிர இதை வாசிக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டச்சு யந்திரத்தை மட்டும் போட்டு அடித்தாள். மூன்றாம் நாள் தேநீர் வேளையில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு, லோசா" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "பெத்தவ நிஜமா என்ன நெனச்சிருப்பாளோ அதை எழுதினா, அலிசி கேப்பா. அவ நாடகத்தை ஒரு வாரம்கூட விட்டதில்ல. அவளுக்குப் பதினோரு வயசு, முட்டாள் இல்ல. கேட்டுட்டு, நான் போறேன்னு கிளம்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எழுதாம இருந்துடு. வேற யாரையாவது எழுதச் சொல்லிடலாம்."

"எழுதாம இருந்தாலும் தெரியும். எனக்குத் தெரியுமே."

சனிக்கிழமை இரண்டு பேரும் கொலொவாய்க்குப் பஸ் ஏறினோம். என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், கலொலைனே என் சொந்தம். எசெட்டா தனியாகப் போனால் நாத்தனார் வந்திருக்கிறாள் என்றுதான் பார்ப்பாள், மரியாதை காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். வாசலில் எங்களைப் பார்த்ததும் ஃபெலெட்டி சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, வெளியே ஈரப்பலா மரத்தடிக்குப் போய்விட்டான். அக்கா உள்ளே இருக்கும்போது அவன் வீட்டுக்குள் சகஜமாக உட்கார மாட்டான். நல்ல மனிதன். அவனோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன என்பதைத் தவிர.

கலொலைனே சமையல் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள்.

"வாங்க அண்ணி. உள்ள பாய் விரிக்கிறேன், அங்க உக்காருங்க. இங்க புகை."

"இங்கேயே உக்கார்றேன்" என்று எசெட்டா கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள். கலொலைனேவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாத்தனாரைப் பாயில் உட்கார வைக்காமல் வாளியில் உட்கார வைத்தால் ஊர் என்ன சொல்லும்? என்னைப் பார்த்து முறைத்தாள்.

"நீயாவது சொல்லக்கூடாதா? ரேடியோவுல என்னைவிட வேகமா துருவுற, அதுக்கு மட்டும் கை வருது" என்றாள்.

"நீ கத்துக் கொடுத்ததுதான்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எசெட்டா கேட்டுவிட்டாள்.

"கலோ, அன்னைக்கு நான் அலிசியைக் கேட்டு வந்தப்ப நீ என்ன சொன்ன?"

கலொலைனே துருவுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணும் சொல்லல அண்ணி. அடுப்புல மரவள்ளி கருகிப்போச்சு. அடிப்பிடிச்சதைச் சுரண்டிக்கிட்டிருந்தேன். அப்புறம் அவ துணியெல்லாம் மடிச்சுக் கொடுத்தேன். மஞ்சச் சட்டை காயல, ஈரமாவே கொடுத்தேன்."

"சொல்லணும்னா என்ன சொல்லியிருப்ப?"

"எதுக்கு இப்ப?"

"எனக்கு வேணும். நாடகத்துக்குன்னு வெச்சுக்கோ. எனக்குன்னும் வெச்சுக்கோ."

துருவுகிற சத்தம் நின்றது. கலொலைனே கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நாத்தனார் முகத்தைப் பார்க்காமல் தேங்காய்ப்பூவைப் பார்த்தபடி பேசினாள்.

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டத்தான் அண்ணி. அவருகிட்ட சொல்லி என்ன பண்ண? உங்க தம்பி உங்களுக்குச் சரின்னு சொல்லப் பொறந்தவரு. அன்னைக்கு நீங்க பஸ் ஏறின உடனே தோட்டத்துக்குப் போனவரு, இருட்டினதுக்கப்புறம்தான் வந்தாரு. கிழங்கு எதுவும் தோண்டல. மண்வெட்டியைக்கூட எடுத்துட்டுப் போகல. அங்க உக்கார்ந்து என்ன பண்ணாருன்னு நான் இன்னிக்கு வரைக்கும் கேக்கல."

எனக்கு அழுகை வந்தது. எசெட்டா அழவில்லை. வாளிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மாதிரிக் குரலில் சொன்னாள்.

"இப்ப வேணும்னா அவளைக் கூட்டிக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நாளைக்கே கூட்டிக்க."

கலொலைனேவுக்குக் கோபம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவள், அவளுக்குக் கோபம் வரும் என்றே எனக்குத் தெரியாது.

"உங்களுக்குக் கேக்கவும் தெரியும், கொடுக்கவும் தெரியும். நடுவுல நாங்க யாரு? அவளுக்கு இந்த வீட்ல கரண்டி எங்க இருக்குன்னு தெரியாது. எந்த அண்ணன் எப்ப வந்தா எழுந்து போகணும்னுகூட யோசிச்சு யோசிச்சுத்தான் எழுந்து போறா. லீவுக்கு வந்தா நாலாவது நாளே உங்க இருமலு கேக்கலையேன்னு தூக்கம் வராம புரள்றா. அவளை ஒரு தடவை தூக்கிட்டுப் போனீங்க. ரெண்டாவது தடவையும் தூக்கி இங்க போடுவீங்களா? அதுக்கு நான் விடமாட்டேன்."

வெளியே ஃபெலெட்டி கனைத்துக்கொள்வது கேட்டது. எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்டிருக்கும், கொட்டகைக்குச் சுவரா இருக்கிறது?

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"நாடகத்துல அவ முடியாதுன்னு சொல்லட்டும். அந்த அத்தை வெறுங்கையோட பஸ் ஏறட்டும்."

"குழந்தைதான் போன வாரமே போயிடுச்சே."

"வாசல் வரைக்கும்தான் போச்சுன்னு எழுதுங்க. பஸ்ஸு வரலன்னு எழுதுங்க. இதெல்லாம் நானா உங்களுக்குச் சொல்லித் தரணும்?"

"ஊரே என்னைத் திட்டும், கலோ. நாத்தனாருக்கு முடியாதுன்னு சொன்ன பொம்பளையை இந்த நாட்ல யாரும் கேட்டதில்ல."

"ஒம்பது வருஷமா ஊரு என்னை நல்ல பொம்பளைன்னு சொல்லுது. ஒரு வாரம் உங்களைத் திட்டட்டுமே" என்றாள் கலொலைனே. பிறகு வழக்கம்போல், "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றாள். சாப்பிட்டோம். புறப்படும்போது ஃபெலெட்டி பஸ்ஸில் ஒரு கூடைக் கிழங்கு ஏற்றிவிட்டான். பெரிய பெரிய கிழங்குகள்தான்.

மோசேசே தாளைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இது நடக்காது. நம்ம ஊர்ல யாரு இப்படிப் பேசுவா?"

"பேசமாட்டாங்க. அதனாலதான் எழுதியிருக்கேன்."

"பாதிரியார் வருவாரு."

"வரட்டும். அவருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கறேன்."

அந்த வாரம் நான் ஒன்றுக்கு எட்டுத் தடவை ஒத்திகை பார்த்தேன். பதிவின்போது துருவுபலகையிலிருந்து எழுந்து, ஒலிவாங்கிக்கு நேராக நின்று சொன்னேன். வசனம் ரொம்பச் சின்னது. "முடியாது அண்ணி. பாயைக் கேளுங்க, தர்றேன். பன்னியைக் கேளுங்க, தர்றேன். இவளைத் தரமாட்டேன். மஞ்சச் சட்டை இன்னும் காயல, இறக்கிவிடுங்க." சொல்லி முடித்ததும் பெரியவர் பேச வேண்டும். சிஃபா தன் முறையை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த அமைதியை எசெட்டா வெட்டவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை நான் எசெட்டா வீட்டுக்குப் போனேன். தனியாக அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை, வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தாள். அலிசி தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என் குரல் முடியாது என்று சொன்னதும் அவள் ஊசி நின்றது. பிறகு அத்தை பஸ் ஏறுகிற சத்தம் வந்தது, நாடகம் முடிந்தது. எசெட்டா எழுந்து வானொலியை அணைத்தாள்.

"அந்தப் பாப்பா அப்ப அங்கேயே இருந்துடுமா?" என்று கேட்டாள் அலிசி.

"ஆமா."

"அந்த அத்தை?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அலிசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பாவம்தான். ஆனா அந்த அம்மா சொன்னதுதான் சரி."

"சரிதான்" என்றாள் எசெட்டா.

"கொலொவாய் அம்மா அப்படிச் சொல்லலையா?"

"சொல்லல. நான் அவளைக் கேக்கவே இல்ல. உங்கப்பாவை மட்டும்தான் கேட்டேன்."

"என்னையும் கேக்கல."

"உன்னையும் கேக்கல. உனக்கு ரெண்டு வயசு."

"இப்பப் பதினொண்ணு" என்றாள் அலிசி. அதைக் கோபமாகச் சொல்லவில்லை, யாரோ வயது கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

எசெட்டா பாயில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இப்பக் கேக்கறேன். எங்கூட இருக்கியா?"

இந்த நாட்டில் ஒரு அத்தை கேட்டு, சரி என்பதைத் தவிர வேறு பதில் நான் கேட்டதில்லை. அதுவும் மூச்சு விடுவதற்குள் வரும். அலிசி சீருடையை மடித்தாள், ஊசியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து திட்டு ஆரம்பித்தது. பாதிரியார் வந்தார், இரண்டு அத்தைகள் நிலையத்து வாசலில் உட்கார்ந்தே விட்டார்கள். பெயர் போடாத கடிதங்களும் வந்தன, அதில் சிலது ஒற்றை வரி, நன்றி என்று மட்டும். கொலொவாயிலிருந்து கலொலைனே ஆள் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினாள்: அக்கா எழுதியது என்பதால் ஃபெலெட்டி எப்போதும் நாடகத்துக்கு வீட்டுக்குள் உட்காரமாட்டான், அன்றைக்கும் மரத்தடியில்தான் இருந்தான், முடியாது என்ற வார்த்தை வந்ததும் எழுந்து கொட்டகைக்குள் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தானாம். இவ்வளவுதான் அவள் சொல்லி அனுப்பியது.

எசெட்டாவுக்கு அந்தத் திட்டு எதுவும் காதில் விழவில்லை. அவள் பதினொரு நாள் அலிசியின் பதிலுக்காகக் காத்திருந்தாள். அலிசிக்கு ஞாபகப்படுத்தவில்லை, மறைமுகமாகக்கூடக் கேட்கவில்லை. தட்டச்சில் தப்பு விழுந்தது, பிஸ்கட் டப்பா திறக்காமல் கிடந்தது. நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நான் வேணா அவகிட்ட பேசிப் பாக்கட்டுமா?" என்றேன். "வாயை மூடு. அவ யோசிக்கிறா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, பள்ளிக்குப் போகத் தலை பின்னிவிடும்போது அலிசி சொன்னாள். "இங்கதான் இருப்பேன். ஆனா சனிக்கிழமை கொலொவாய்க்குப் போயிடுவேன், திங்கக்கிழமை அங்கேருந்தே பள்ளிக்கூடம் வந்துடுவேன். எல்லா வாரமும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. கோயிலும், குழிக்குள் வேகவைத்த மண்ணடுப்புச் சாப்பாடும், சாப்பிட்டபின் குடும்பமாகப் படுத்துத் தூங்குகிற தூக்கமும் எல்லாம் அந்த ஒரு நாளில்தான். அதைத்தான் அலிசி பெற்றவளுக்கு எடுத்துக் கொடுத்தாள். எசெட்டா பேரம் பேசவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, "சரி" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எசெட்டா நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பாடு எங்களோடுதான்.